கூலி எழுதாத நோட்டு

பிட்டு விற்ற வந்தியின் கதையைப் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்தோம். வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று பாண்டியன் ஆணையிட்டான். வந்திக்கோ பிள்ளையில்லை, குட்டியில்லை. அவளுக்குக் கூலியாளாகச் சொக்கநாதரே வந்து மண் சுமந்தார், பிரம்படியும் பட்டார். பரஞ்சோதி முனிவர் பாடியதைப் பாட்டிமார் தங்கள் கைச்சரக்கையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆவணியில் மதுரையில் இன்றும் புட்டுத் திருவிழா நடக்கிறது.

கடவுளைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு இந்தக் கதையைப் பார்த்தால், வேறொருத்தி தெரிகிறாள். துணையில்லாத கிழவி. ஓர் அடுப்பு, ஒரே பண்டம், அன்றன்று அவித்து அன்றன்று விற்பது. மாளிகைக்கும் அவள் குடிசைக்கும் அரசன் போட்ட வரி ஒன்றுதான், வீட்டுக்கு ஓர் ஆள். கையில் காசில்லாததால் பிட்டையே கூலியாகப் பேசுகிறாள். உதிர்ந்தது கூலிக்காரனுக்கு, உதிராதது விற்பனைக்கு. விலைக்குப் போகாததைக் கூலியாக மாற்றிய அந்தப் பேச்சில் முழு வியாபாரி ஒருத்தி இருக்கிறாள். அன்றைக்கு அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே வந்தது என்பார்கள் பாட்டிமார். கேட்டுக்கொண்டிருக்கும் குழந்தைகள் சிரிக்கும். அன்று வந்திக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்பது யாருக்கும் உறைக்காது.

கூலியாளுக்குக் கூலி உண்டு, அரசனுக்கு வரி உண்டு, ஊருக்குக் கரை உண்டு. விடிவதற்கு முன் எழுந்து மாவு இடித்தவளுக்குக் கூலி என்று கதையில் ஏதும் இல்லை. கடைசியில் சிவலோகம் கிடைக்கிறது. இன்று வீட்டு அடுப்பில் பண்டம் செய்து விற்கிறவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. ‘உங்க கைமணமே தனி’ என்ற பாராட்டு கிடைக்கிறது.

வீட்டிலிருந்து செய்யும் உணவுத் தொழிலை யாரும் நாள் பார்த்துத் தொடங்குவதில்லை. அது பாராட்டிலிருந்துதான் தொடங்குகிறது. நவராத்திரிக்கு வந்தவர் சுண்டலோடு கொடுத்த தட்டையைக் கடித்துவிட்டு, “அக்கா, எங்களுக்கும் ரெண்டு கிலோ போட்டுக் கொடுங்களேன், காசு கொடுத்துடறோம்” என்பார். அக்காவுக்குக் கூச்சம். எண்ணெய், மாவுக்கு ஆனதை மட்டும் வாங்கிக்கொள்வார். அடுத்தவர் கேட்கும்போது இருபது ரூபாய் கூட்டிச் சொல்வார், சொல்லிவிட்டு அன்றிரவு தூங்கமாட்டார். 2020 ஊரடங்கில் இப்படித் தொடங்கிய அடுப்புகளை எங்கள் திருச்சித் தெருக்களிலேயே நிறையப் பார்த்தேன். வேலை போன கணவர்கள், பாதிச் சம்பளம் வந்த வீடுகள். வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம், கீழே விலை. சாம்பார்ப் பொடி, வத்தக்குழம்புப் பொடி, இட்லி மாவு, ஞாயிறு மட்டும் பிரியாணி. ஊரடங்கு முடிந்ததும் பாதி அணைந்துவிட்டன. ருசி குறைந்து அணைந்ததாக எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

அணையாத அடுப்பு ஒன்றின் கணக்கு நோட்டைப் பார்க்க எனக்கு வாய்த்தது. பக்கத்து வீட்டு அக்கா முறுக்கு போட்டு விற்கிறார். நல்ல நோட்டு. இடப்பக்கம் வாங்கியது, வலப்பக்கம் விற்றது. “கிலோவுக்கு நூத்தம்பது நிக்குது தம்பி” என்றார் பெருமையாக. சரக்கு 170 ரூபாய், விலை 320 ரூபாய். ஒரு தடவைக்கு ஐந்து கிலோ போட்டால் 750 நிற்க வேண்டும். உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காஸுக்கு 90. டப்பா, கவருக்கு 60. மாவு மில்லுக்கு 50. கொண்டுபோய்க் கொடுத்த பெட்ரோலுக்கு 80. உடைந்துபோய் விலைக்குப் போகாத அரைக் கிலோவுக்கு 160. மிஞ்சியது 310.

அந்த 310 ரூபாய்க்கு எவ்வளவு வேலை என்பது நோட்டில் இல்லை. முந்தின நாள் அரிசி களைந்து ஊறவைத்து, வடித்து, வேட்டியில் நிழலுலர்த்தலாகப் பரப்ப வேண்டும். உளுந்தைச் சிவக்காமல் வறுக்க வேண்டும். மில்லில் முன்னால் மிளகாய் அரைத்திருக்கிறார்களா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். சலிப்பது, வெண்ணெய் போட்டுப் பிசைவது, அச்சில் பிழிவது, எண்ணெய் ஓசை அடங்கும்வரை நின்று எடுப்பது, ஆறவைப்பது, எடை போடுவது, கவர் ஒட்டுவது. கூட்டினால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். ஏரிக்கரையில் மண் வெட்டப் போயிருந்தால் அக்காவுக்கு இருபத்தாறு ரூபாய் கூடக் கிடைத்திருக்கும். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார். “வீட்டுல சும்மா இருக்கிற நேரந்தானே தம்பி?” என்றார்.

அந்தச் ‘சும்மா’தான் இந்தத் தொழிலின் முதலீடு, இந்தத் தொழிலின் நோயும் அதுவே. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுவதாகச் சொல்கிறது. செய்கிற ஆண்களுக்கு அது 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வீட்டுக்கு இலவசமாக உழைத்தவர், அதே அடுப்பில், அதே கரண்டியால் ஆறாவது மணி நேரத்தை விலைக்குக் கொடுக்கிறார். வாங்குகிறவருக்கு ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அதைவிடக் கொடுமை, விற்கிறவருக்கும் தெரிவதில்லை. 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசு அதற்கு மகளிர் உரிமைத்தொகை என்று பெயர் வைத்தது. உதவித்தொகை என்று வைக்காததில் ஓர் அரசியல் உண்டு. தொகை போதுமா என்பது வேறு சண்டை. வீட்டு வேலை வேலைதான் என்பதை ஒரு அரசு காசாகச் சொல்லிப் பார்த்தது. தெருவில் அந்தப் பாடம் இன்னும் ஏறவில்லை.

கடையில் கிலோ 480 ரூபாய்க்கு வாய் திறக்காமல் வாங்குகிறவர் அக்காவிடம் வந்து, “வீட்டுல செய்றதுதானே, கடை வாடகையா, ஆள் சம்பளமா? பாத்துப் போட்டுக் குடுங்க” என்கிறார். கடையின் கண்ணாடிக்கும் விளக்குக்கும் காசு கொடுக்கத் தயங்காத மனம், வீடு என்றதும் தள்ளுபடி கேட்கிறது. வீட்டுப் பண்டம் சுத்தமானது, கலப்படமில்லாதது, ஒருமுறை காய்ந்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதது என்று அவரே ஊரெல்லாம் சொல்லவும் செய்வார். தரத்தில் கடைக்கு மேலே, விலையில் கடைக்குக் கீழே. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அக்கா தன் தூக்கத்தைப் போட்டு மூடுகிறார்.

உறவுக்காரர்கள் இன்னும் ஒருபடி மேல். “சித்தி, நம்ம வீட்டுக்கு ஒண்ணரை கிலோ எடுத்து வைங்க” என்று போன் வரும். அந்த ‘நம்ம’வில் விலை காணாமல் போய்விடும். கேட்டால் மனத்தாங்கல். கேட்காவிட்டால் நட்டம். எந்தத் தொழில் வகுப்பிலும் இதற்குப் பாடம் இல்லை.

பம்பாயில் இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டார்கள். 1959 மார்ச்சில் கிர்காமில் ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள், 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். முதல் நாள் நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத். அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வெற்றிக் கதை எழுதுகிறவர்கள் 80 ரூபாயில் தொடங்கி கோடியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதன் நடுவில் இருக்கும் ஏற்பாடுதான் முக்கியமாகப் படுகிறது. மாவு பிசைவது மையத்தில். இடுவது அவரவர் வீட்டில். மறுநாள் அப்பளத்தைக் கொண்டுவந்து எடை போட்டால், எடைக்குத் தக்க கூலி. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வரும். லாபம் வந்தால் உறுப்பினர் எல்லோருக்கும் பங்கு. அதாவது லாபம் பிறகு, கூலி முதலில். வீட்டுக்குள் இருந்தே வேலை செய்தாலும், கூலியை நிர்ணயிக்கும் இடம் வீட்டுக்கு வெளியே இருந்தது. அதனால் அந்தக் கூலியை ‘சித்தி, நம்ம வீட்டுக்கு’ என்று யாரும் குறைக்க முடியவில்லை.

இங்கேயும் குழு இல்லாமல் இல்லை. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் மாநிலம் முழுதும் பரவின. அவை பெண்களுக்குச் சேமிப்பைக் கற்றுக் கொடுத்தன, வங்கிப் படியேற வைத்தன. இது சின்னக் காரியமில்லை. ஆனால் பெரும்பாலும் கடனைச் சேர்ந்து வாங்கினார்கள், பண்டத்தைத் தனித்தனியாக விற்றார்கள். விலையைச் சேர்ந்து வைக்கவில்லை. ஒரே தெருவில் மூன்று பேர் இட்லி மாவு விற்றால், ஒருவர் ஐந்து ரூபாய் குறைக்க, மற்றவர் அரிசியைக் கூட்டி உளுந்தைக் குறைக்க, மாதக் கடைசியில் மூன்று வீட்டு மாவும் கல் மாதிரி இட்லி தருகிறது.

மாவு என்றதும் கிரைண்டரைச் சொல்லாமல் போனால் கோயம்புத்தூர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து ஒரு பெண்ணால் வீட்டுக்கு ஆட்ட முடியும், தெருவுக்கு ஆட்ட முடியாது. வெட் கிரைண்டர் வந்த பிறகுதான் மாவு விற்பனைப் பண்டமானது. 2011-இல் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தபோது ஏளனம் செய்தவர்களில் எழுதுகிற கூட்டமும் உண்டு. அந்தச் சின்ன டேபிள்டாப் கிரைண்டரில் நாலு தடவை போட்டு, எட்டு வீட்டுக்கு மாவு கொடுத்து, மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியைக் கட்டியவரை எனக்குத் தெரியும். இலவசம் சோம்பேறி ஆக்கும் என்ற பிரசங்கத்தை அவர் முன்னால் செய்து பார்க்கலாம்.

இயந்திரம் வந்தாலும் மாவு உயிருள்ள பொருள். மார்கழியில் விடிந்தும் பொங்காமல் படுத்துக்கிடக்கும். சித்திரையில் இரவு பத்து மணிக்கே பாத்திரத்தை விட்டு இறங்கி நடக்கும். இரண்டு கிலோவுக்குப் பழகிய கண்ணும் கையும் இருபது கிலோவில் தடுமாறும், கிரைண்டர் சூட்டில் உளுந்து நீர்த்துப்போகும். ஐஸ் தண்ணீர் விட வேண்டும் என்பதை யாராவது ஒருவர் சொல்லித்தர வேண்டும். கைப்பக்குவம் என்று நாம் கொண்டாடுவதைத் தொழிலாக்க நினைக்கும் பெண், முதலில் தன் கையைச் சந்தேகிக்கக் கற்கிறார், தராசு வாங்குகிறார். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் ‘சமைத்துப் பார்’ நூலில் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ‘திட்டமா போடு’, ‘கண்ணளவு’ என்று மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போய்க்கொண்டிருந்ததை அளவாக எழுதினார். எழுதியதால் அது புத்தகமாகி விலைக்குப் போனது. வீட்டுச் சமையலை விற்பனைக்குக் கொண்டுவந்த தமிழ்ப் பெண்களின் பட்டியலை யாராவது எழுதினால், முறுக்குக்கார அக்காவுக்கு முன்வரிசையில் அவரை வைக்க வேண்டும்.

வீட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையில் சமையலறை பெரிய வீட்டின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். வியாபாரம் பிடித்துவிட்ட சின்ன வீட்டில் இது தலைகீழாகிறது. ஹாலில் செய்தித்தாள் விரித்து முறுக்கு ஆறுகிறது, கட்டிலுக்கு அடியில் எண்ணெய் டின், பீரோவில் புடவைக்குப் பக்கத்தில் டப்பாக்கள். பையன் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து படிக்கிறான். கணவர், “வீடு வீடா இல்லை” என்று முணுமுணுத்துக்கொண்டே டெலிவரிக்குப் போகிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்த வீட்டில் தீபாவளிக்கு மட்டும் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். வீட்டுப் பண்டத்தை வாங்குகிறவர் யார் வீடு என்று கேட்காமல் வாங்குவதில்லை. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. உணவகப் பலகைகளிலிருந்து அந்தச் சொல் போய்விட்டது. வாட்ஸ்அப் விளம்பரத்தில் ‘அக்ரஹாரத்துச் சுவை’, ‘ஆத்து ருசி’ என்று சாவகாசமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மாமி பெயரிலும் ஆச்சி பெயரிலும் பொடி விற்கலாம். சேரியில் குடியிருக்கும் பெண் தன் முகவரியைப் பாக்கெட்டில் அச்சடித்து அதே பொடியை அதே தெருவில் விற்க முடியுமா? 2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவைத் தலித் பெண் சமைக்கக்கூடாது என்று ஊரில் ஒரு கூட்டம் பள்ளியை மறித்தது. இலவசச் சாப்பாட்டுக்கே இந்த நிலை. காசு கொடுத்து வாங்கும் அதிரசத்துக்கு என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய ஞானம் தேவையில்லை. இந்தப் பெண்கள் பெயரில்லாமல் சமைக்கிறார்கள். கேட்டரிங்காரரின் பின்கட்டில், தினக்கூலிக்கு, வேறொருவர் பெயர் ஒட்டிய டப்பாவுக்காக. கைமணத்தைப் போற்றும் ஊர், எந்தக் கை என்பதை முதலில் விசாரித்துக்கொள்கிறது.

சட்டத்தைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. அதன் விதிகளை 2011-இல் வகுத்தபோது, ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் விற்கும் சிறு ஆட்கள் 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்று வைத்தார்கள். கிடைக்கும் பதினான்கு இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போடலாம். அந்த எண் வந்ததும், ‘நான் பொழுதுபோக்குக்குச் செய்யவில்லை’ என்று உறவினரிடம் சொல்லும் துணிச்சல் வந்தது என்கிறார் அக்கா. சிக்கல் அடுப்புக்கு அடியில் இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அதற்கு 19 கிலோ நீல சிலிண்டர் வாங்க வேண்டும். ரசம் கொதித்து இறங்கிய அதே பர்னரில் முறுக்குச் சட்டி ஏறும் வீட்டில், எந்த நிமிடத்தில் சிவப்பு நீலமாக வேண்டும் என்று எந்த அதிகாரியாலும் கோடு போட முடியாது. எல்லோருக்கும் தெரிந்த இந்த மௌனத்தின் மேல்தான் ஆயிரக்கணக்கான அடுப்புகள் எரிகின்றன.

கடன் திட்டங்களும் உண்டு. 2020-இல் வந்த குறு உணவுத் தொழில்களுக்கான மத்தியத் திட்டம், இயந்திரம் உள்ளிட்ட திட்டச் செலவில் 35 சதவீதத்தை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, கடனோடு சேர்ந்த மானியமாக அறிவித்தது. சுயஉதவிக் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதியும் அதில் இருந்தது. விளங்கிக்கொண்டு வாங்கியவர்கள் பயன்பெற்றிருக்கிறார்கள். ஆனால் சிறிய அடுப்பு மூச்சுத் திணறுவது பெரும்பாலும் இயந்திரம் இல்லாததால் நிகழ்வதில்லை. ஐப்பசி பிறப்பதற்கு முன் பத்து டின் எண்ணெயும் ஒரு மூட்டை பச்சரிசியும் வெல்லமும் வாங்கக் கையில் ரொக்கம் வேண்டும். வாடிக்கையாளரின் காசு தீபாவளி முடிந்து, சில வீடுகளில் கார்த்திகையும் முடிந்து, வருகிறது. இடைப்பட்ட நாட்களுக்குக் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போகிறது. அதன் வட்டியும் அக்காவின் நோட்டில் இல்லை.

இந்த வருடம் அக்கா விலையை 320-லிருந்து 400 ஆக்கினார். நோட்டில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: ‘என் கூலி’. மூன்று பழைய வாடிக்கையாளர்கள் விலகிவிட்டார்கள். அதில் ஒருவர் நெருங்கிய உறவு. விலகியவர்கள் போக மிச்சமுள்ளவர்களுக்குப் போட்டுக் கொடுப்பதே போதும் என்றார். முறுக்கு எண்ணிக்கை குறைந்திருக்கிறது, மிஞ்சும் தொகை குறையவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வாங்குகிறவர்களாகத்தான் இருப்பீர்கள். வரும் தீபாவளிக்கு வீட்டில் செய்கிற யாரிடமாவது அதிரசமோ தட்டையோ சொல்லிவைத்தால், சொல்கிற அன்றே பாதிப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். மீதியைப் பண்டம் வாங்கும்போது கொடுங்கள். உறவுக்காரர் என்றால் முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுங்கள்.